நோயுற்ற மனமும் தாய்மொழியும்

கல்கத்தாவில் அறிவியல் கல்லூரியை அடுத்துப் பார்சிபாகன் சந்து என்றொரு குறுகிய வீதி உண்டு. அங்குள்ள 14ஆம் எண் வீட்டில்தான் 1922ஆம் ஆண்டில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் அவ்வீட்டில் வாழ்ந்த மருத்துவர் கிரீந்திரசேகர போஸ். வியன்னாவிலிருந்த சிக்மண்ட் பிராய்டை அவர் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆயினும் இருவருக்குமிடையே பல்லாண்டுகள் கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாக் கழகத்தார் தந்தத்தாலான திருமால் சிலையொன்றை அனுப்பி வைத்தனர். அச்சிலை இன்றும் லண்டனில், பிராய்டு இறுதியாக வாழ்ந்த இல்லத்தில் இருக்கிறது.

போஸ் ஏட்டுப் படிப்போடு நின்றவரல்லர். 1933இல், இன்று ஆர்.ஜி. கர் என வழங்கும் அன்றைய கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், மனநோயாளர்களுக்கென வெளிநோயாளர் பிரிவொன்றைத் திறந்தார். இந்தியாவில் பொது மருத்துவமனை ஒன்றில் இத்தகைய பிரிவு ஏற்பட்டது அதுவே முதன்முறை என்பர். 1940இல் தில்ஜலாவில் லும்பினி பார்க் மனநோய் மருத்துவமனை எழுந்தது. அதற்கு இடந்தந்தவர் போஸின் தமையனார் ராஜசேகர போஸ். ‘பரசுராம்’ என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்காளிகளைச் சிரிக்க வைத்தவர் அவரே. தம்பி அழுகின்றவரைத் தேற்ற, அண்ணன் சிரிக்க வைத்தார் என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

இதில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பேச்சாலே மனத்தின் முடிச்சை அவிழ்க்கலாம் என்ற பிராய்டு, சித்தப்பிரமை கண்டவர்களிடம் அம்முறை பலிக்காது என்றே கருதினார். அவர்கள் தம் அன்பை வெளியுலகினின்றும் உள்ளிழுத்துக்கொண்டவர்கள். மருத்துவரிடம் பற்று வைக்கமாட்டார்கள். ஆகவே பேச்சுக்குப் பிடிமானம் கிடையாது என்பது அவர் வாதம். அவ்வாறிருந்தும், அவர் வழிவந்த கல்கத்தாக் கழகத்தாரே ஒரு மனநோய் மருத்துவமனையை நடத்தத் துணிந்தனர். குரு கைவிட்ட இடத்தில் சீடர்கள் கடை விரித்தனர் எனலாம். போஸ் 1953இல் காலமானார். லும்பினி பார்க் பின்னர் மாநில அரசின் பொறுப்பில் வந்து இன்றும் இயங்கி வருகிறது.

இக்கதையை நம் குடும்பங்களுக்கு இப்போது எடுத்துரைப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. சித்தப்பிரமை கண்டு மருத்துவமனையில் படுத்திருப்பவரிடமும் முறைப்படி பேசிச் சிகிச்சை செய்யலாம் என்னும் எண்ணம் அண்மைக் காலத்தில் மீண்டும் வலுப்பெற்றிருக்கிறது. அச்சிகிச்சை எந்த மொழியில் நடைபெறும் என்ற வினா, ஏனையோரினும் நம்மைப் போன்று பிறமொழி நாட்டில் குடியிருப்போர்க்கே முதலில் எழவேண்டியதாகும்.

சித்தப்பிரமை என்று நாம் இங்குக் குறிப்பது, பிறர்க்குக் கேளாத குரல்கள் கேட்பதும், ஆதாரமற்ற ஐயங்கள் அசையாத நம்பிக்கையாக வேரூன்றுவதும், எண்ணங்கள் கோவையிழந்து சிதறுவதுமான நோய்நிலைகளை. மனச்சிதைவு என்பது இவற்றுள் தலையாயது. 2015–16ஆம் ஆண்டுகளில் தமிழகம், மேற்கு வங்கம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நூற்றுவரில் ஏறத்தாழ 1.4 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வகை நோய்க்கு ஆளாகின்றனர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கு உரிய சிகிச்சை கிட்டுவதில்லை. நம் சங்கத்துக் குடும்பங்கள் மட்டும் இக்கணக்குக்குப் புறம்பானவையல்ல. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரைச் சொல்லிச் சென்னையில் நாம் கேலி பேசியதுபோல, வங்காளிகள் ‘ராஞ்சி’ என்ற ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேலி பேசுவர். கேலிக்கு மட்டும் இரு மொழியிலும் பஞ்சமில்லை.

மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், சர்ப்பகந்தா என்னும் மூலிகை சித்தக் கலக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினர். 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் விடுதிகளின் கூச்சல் அடங்கியது. கட்டுகளும் பூட்டுகளும் ஓரளவு தளர்ந்தன. இது மகத்தான நன்மையே. ஆனால் மருந்து வந்தபின், நோயாளி என்ன சொல்கிறார் என்று உட்கார்ந்து கேட்கும் வழக்கம் பல இடங்களில் குன்றிவிட்டது. மாத்திரை கொடுத்தாயிற்றா, தூங்கினாரா, உண்டாரா என்ற மூன்று கேள்விகளோடு பல விடுதிகளில் ஒரு நாள் முடிந்துவிடுகிறது. மருந்தை விட்டுவிட்டுப் பேச்சொன்றே போதும் என நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு எவரேனும் சொன்னால் நேயர்கள் நம்பவும் வேண்டா. பேச்சுச் சிகிச்சையின் பயன் அளவானதே என்று ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் அளவான பயனும் பயனே.

அது எவ்வாறு நடைபெறும்? இருபது வயது இளைஞன் ஒருவன், மேல்மாடியில் குடியிருப்போர் இரவெல்லாம் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்று நம்புகிறான் என வைத்துக்கொள்வோம். வீட்டார் சொல்வது ஒன்றே: “அப்படியெல்லாம் ஒன்றுமில்லையடா, பேசாமல் படு.” பயிற்சி பெற்ற உளவியலாளரோ ‘இல்லை’ என்று மறுப்பதுமில்லை, ‘ஆம்’ என்று ஒப்புவதுமில்லை.

“தம்பி, அவர்கள் பேசுவது எந்த நேரத்தில் அதிகமாகக் கேட்கிறது?”

“ராத்திரி, எல்லாரும் தூங்கின பிறகு, ஸார்.”

“அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?”

“காதைப் பொத்திக்கொள்வேன். சில நாள் செல்போனில் பாட்டுப் போட்டுக் கேட்பேன்.”

“பாட்டுக் கேட்டால்?”

“கொஞ்சம் குறையும், ஸார்.”

இந்தக் ‘கொஞ்சம் குறையும்’ என்பதைத்தான் அவர் பிடித்துக்கொள்கிறார். பாட்டால் குறையுமாயின் அக்குரல் நோயாளியின் வசத்துக்கு முற்றும் அப்பாற்பட்டதன்று என்பது மெல்ல மெல்ல அவனுக்கே புலனாகிறது. எப்போது கூடுகிறது, எப்போது தணிகிறது, உறக்கம் கெட்ட நாளில் எப்படி, மனவருத்தம் வந்த நாளில் எப்படி என்று இருவரும் சேர்ந்து குறித்து வருகின்றனர். நம்பிக்கையை உடைப்பதைவிட, அதனால் விளையும் அச்சத்தைக் குறைப்பதே முதல் நோக்கம். அமெரிக்காவில் ஆரன் பெக் என்பவர் 1952இலேயே இத்தகைய நோயாளி ஒருவரைப் பேச்சால் தேற்றிய வரலாற்றை எழுதினார். மருந்து தோன்றிய அதே ஆண்டில் இதுவும் அச்சேறியது வியப்புக்குரியது. ஆயினும் உலகம் அன்று மருந்தையே திரும்பிப் பார்த்தது.

இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டுக் குறிப்பு 2014இல், இந்நோயுடையார் ஒவ்வொருவர்க்கும் குறைந்தது 16 அமர்வுகளேனும் இச்சிகிச்சையை அளிக்க வேண்டும் என்றும், நோய் முற்றிய வேளையிலும், மருத்துவமனையில் தங்கியிருக்கும்போதும் அதனைத் தொடங்கலாம் என்றும் வகுத்தது. எழுதுவது எளிது. விடுதியிலோ அமைதியான அறை கிடையாது. உளவியலாளர் ஒருவர் எத்தனை பேரைப் பார்ப்பார்? நோயாளி சில வாரங்களில் வீடு திரும்பிவிடுவார். நம் நாட்டு 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, தாமாக முடிவெடுக்க இயலாத நிலையில் பிறர் துணையோடு சேர்க்கப்படுபவரை முதற்கண் 30 நாட்கள்வரைதான் வைத்திருக்கலாம். பதினாறு அமர்வுகளுக்கு அங்கே காலம் எங்கே? ஆகையால் விடுதிக்குள் நடக்கும் பேச்சு வேறுவிதமாக அமையவேண்டும் என்பது துறையறிந்தோர் கருத்து. பத்துப் பதினைந்து நிமிடங்களாகச் சிறுசிறு அமர்வுகள். இப்போது இங்கே வரக்காரணமான நெருக்கடி எது என்ற ஒன்றைப் பற்றியே பேச்சு. செவிலியரும் அதே முறையில் பேசப் பழகுதல். வீடு திரும்பியபின் வெளிநோயாளர் பிரிவில் அதே இழையைத் தொடர்தல். நாள் முழுதும் நோயாளியின் அருகே இருப்பவர்கள் செவிலியரும், கல்கத்தாவில் நாம் ‘மாஷி’ என்று விளிக்கும் ஆயாக்களுமே. அவர்களுடைய ஒரு சொல் நோயாளியை அமைதிப்படுத்தவும் கூடும், கொதிக்க வைக்கவும் கூடும்.

இனி மொழிக்கு வருவோம். பாலிகஞ்சிலும் பேஹாலாவிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் வங்காளிப் பிள்ளைகளைப் போலவே வங்காளம் பேசுவர். மீன் கடையில் பேரம் பேசவும், அலுவலகத்தில் வாதாடவும் அது போதும். மனம் நிலைகுலைந்த வேளையில் நாவில் வருவது எது? ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து, லேக் மார்க்கெட்டுக்கு அப்பால் தனியே சென்றறியாத மூதாட்டியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். “அவள் வயிற்றெரிச்சல் என்னை விடாது” என்று அவர் சொன்னால், சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பவர் வயிறு எரிகிறதாம் என்பார். புளிப்புக்கு மருந்து எழுதப்பட்டாலும் வியப்பதற்கில்லை. “காற்றுக் கருப்புப் பட்டுவிட்டது” என்பதை எவ்வாறு பெயர்ப்பது? “மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது” என்பதற்கு எம்மொழியிலும் நேர் இல்லை. எது நம் வழக்கில் இயல்பான பேச்சு, எது நோயின் பேச்சு என்று பிரித்தறியத் தமிழறிந்த செவி வேண்டும். இல்லையேல் வழக்குச் சொல் நோயாகக் குறிக்கப்படும். உண்மையான நோய்க்குறி வெறும் முனகலாகத் தள்ளப்படும். பதில் சொல்லாமலே இருந்துவிட்டால் ஒத்துழைக்காதவர் என்று ஏட்டில் ஏறும். மருந்தின் அளவு கூடினாலும் கூடலாம்.

குரல்களுமே நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. மானிடவியலறிஞர் தான்யா லுஹர்மன், சென்னை மருத்துவர்களும் சேர்ந்த குழுவினருடன், கலிபோர்னியாவின் சான் மத்தேயோ, கானாவின் ஆக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் ஊருக்கு 20 பேராகக் குரல் கேட்போரைக் கண்டு பேசினார். அவ்வாய்வு 2014இல் வெளிவந்தது. அமெரிக்கர் பலர்க்குக் குரல்கள் வன்மையும் கொடுமையும் நிறைந்த அந்நியக் குரல்களாக இருந்தன. சென்னையிலோ பாதிக்கு மேற்பட்டோர் உறவினரின் குரலைக் கேட்டனர். அக்குரல்கள் பெரியோர் வீட்டில் சொல்வதுபோல அதட்டின, புத்தி கூறின, வீட்டு வேலையைச் செய்யென ஏவின. நோயிலும் நமக்கு மாமியும் பெரியப்பாவும் உடன்வருகிறார்கள்! இதிலே நகைப்புக்கு இடமிருப்பினும் சிகிச்சைக்கு வேண்டிய செய்தியும் இருக்கிறது. பெரியப்பாவின் குரல் அதட்டினால் அதற்கு மறுமொழி எப்படிச் சொல்வது? அந்நியனை நோக்கி ‘போ வெளியே’ என்னலாம். பெரியப்பாவை அவ்வாறு சொல்ல நம் பிள்ளைக்கு நா எழாது. “சரி பெரியப்பா, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்” என்று மரியாதையாக ஒத்திவைக்கச் சொல்லித்தருவது தமிழறிந்தவருக்கே தோன்றும்.

மொழி மாறினால் நோயின் தோற்றமும் மாறுவதை 1970களிலேயே அமெரிக்க மருத்துவர்கள் கண்டனர். ஸ்பானிய மொழியினரான மனச்சிதைவு நோயாளிகளை இரு மொழிகளிலும் பேட்டி கண்ட நியூயார்க் ஆய்வொன்றில், ஆங்கிலத்தில் பேசுகையில் நோய் கடுமையாகத் தோன்றியது. வேறொரு மருத்துவரோ, அந்நிய மொழியில் நிதானமாகப் பேசுபவர் தாய்மொழியில் பேசும்போதே நோயை வெளிப்படுத்துவதைக் கண்டார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலிருப்பினும், ஒரு மொழியில் மட்டும் கேட்டவர் பாதியே கேட்டவர் என்பதற்கு இரண்டும் சான்றாகும்.

அப்படியாயின் வீட்டாரே உடனிருந்து மொழிபெயர்க்கலாமே எனில், அவசரத்துக்கு அது சரி. சிகிச்சைக்கு அது போதாது. கணவனைப் பற்றி மனைவிக்கிருக்கும் ஐயத்தைக் கணவனே மொழிபெயர்த்தால் என்னவாகும்? மகள் சொல்லும் கூசத்தக்க செய்தியைத் தாய் விழுங்கிவிடுவாள். “அவள் ஏதோ உளறுகிறாள், டாக்டர்” என்று ஒரே வாக்கியத்தில் பத்து நிமிடப் பேச்சை முடித்துவிடும் தந்தையரும் உண்டு. அவ்வுளறலே மருத்துவர் கேட்கவேண்டியது. வீட்டார் பொய்யுரைப்பதில்லை; குடும்ப மானத்தைக் காக்கிறார்கள். ஆகவே உறவினரல்லாத, வாயடக்கமுள்ள, சொன்னதைச் சொன்னபடி சொல்லப் பழகிய ஒருவர் வேண்டும்.

இவ்வகையில் வேலூரைப் பார்த்து நாம் கற்கலாம். ஹௌராவிலிருந்து காட்பாடி வழியே செல்லும் ரயில்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வங்காளிகளைக் காணாதவர் நம்மில் இரார். அவர்களுக்காகவே வேலூர்க் கடைத்தெருவில் வங்க எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன. மீன்குழம்புச் சோறு கிடைக்கிறது. பாகாயத்தில் 1957இல் தொடங்கிய அதன் மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்குவது தொடக்கந்தொட்டு வந்த வழக்கம். அதற்கும் சற்று முன்பின்னாக அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர், மனநோய் மருத்துவமனை வளாகத்திலே கூடாரமடித்துக் குடும்பத்தாரைத் தங்கச் செய்து, அவர்களையும் கூட்டிவைத்துப் பேசினார். நோயாளியைப் பூட்டிவிட்டு வீட்டாரை வெளியே நிறுத்துவதே முறை என்றிருந்த காலத்தில் இது பெரும்புரட்சி. தமிழ்நாட்டிலே வங்காளிக்கு இவ்வளவு நடக்குமாயின், வங்காளத்திலே தமிழனுக்கு ஏன் நடக்கலாகாது?

கேட்பதற்கு உரிமையும் உண்டு. மேற்சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் 22ஆம் பிரிவின்படி, நோயின் தன்மையையும், தரவிருக்கும் சிகிச்சையையும், அதன் பக்க விளைவுகளையும், தாம் புரிந்துகொள்ளும் மொழியிலே அறியும் உரிமை நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் உண்டு. வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ என்று அது வரையறுக்கவில்லை. நலமுள்ள காலத்திலேயே பிரதிநிதி ஒருவரை எழுதி நியமித்துக்கொள்ளவும் 14ஆம் பிரிவு இடந்தருகிறது. குடும்பத்தில் ஒருவர்க்கு முன்பே இந்நோய் வந்து தணிந்திருக்குமாயின், இதனை ஒத்திப்போடலாகாது.

கல்கத்தாவில் நற்பணிகள் இல்லாமலில்லை. ரத்னபோலி ராய் தோற்றுவித்த ‘அஞ்சலி’ என்னும் அமைப்பு, பாவ்லோவ், லும்பினி பார்க் முதலிய அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே சென்று உழைத்து வருகிறது. பாவ்லோவில் அதன் முயற்சியால் நோயாளிகளே சலவையகமும் தேநீர்க் கடையும் நடத்தினர். 2007இல் தோன்றிய ‘ஈஸ்வர சங்கல்பம்’ தெருவில் திரியும் மனநோயாளர்க்குத் தெருவிலேயே சிகிச்சை செய்கிறது. சென்னையில் 1993முதல் ‘பேன்யன்’ அமைப்பார், எங்கெங்கிருந்தோ வழிதவறி வந்த பெண்களை ஊர் கண்டு சேர்ப்பிக்கின்றனர். அத்தகையோர் வாயிலிருந்து வரும் ஓர் ஊர்ப்பெயரோ, ஓர் உறவுச் சொல்லோதான் பலகாலும் திறவுகோல். ஹௌரா நிலையத்தில் இறங்கிய ஒரு தமிழர் தம் ஊரைத் தமிழிலே சொல்லிக்கொண்டிருக்க, கேட்பார்க்கு அது வெறும் ஒலியாக இருந்தால் அவர் கதி யாது?

வீட்டுப் பேச்சைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஓயாமல் குறைகூறும் வீட்டுக்குத் திரும்பிய நோயாளிக்கு நோய் மீளுவது மிகுதி என்று லண்டன் ஆய்வாளர்கள் பல்லாண்டுகளுக்கு முன்னரே கண்டனர். சண்டிகரில் நடந்து 1987இல் வெளியான ஆய்வு, இந்தியக் குடும்பங்களில் அத்தகைய குறைகூறல் லண்டனைக் காட்டிலும் குறைவென்று காட்டியது. பெருமைப்படலாம்தான். ஆனால் கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் சினந்தால் மற்றொருவர் அணைக்கும் வாய்ப்பிருந்தது. இரண்டு அறை வாடகை வீட்டில், ஊரை விட்டு வந்த மூவரோ நால்வரோ மட்டும் இருக்கையில் அணைப்பவர் யார்? மனச்சிதைவுடையோர் இல்லத்துக்கே பயிற்சி பெற்ற ஊழியர் சென்று உதவும் முறையைத் தமிழ்நாடு, கோவா, சதாரா ஆகிய இடங்களில் 282 பேரிடம் சோதித்து, அது வெறும் மருத்துவமனைச் சிகிச்சையினும் ஓரளவு மேலானது என்று 2014இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டுப் பகுதியை நடத்தியது, சென்னை மனநோய் மருத்துவமனைக்கு 1961இல் கண்காணிப்பாளராகி, 1984இல் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தைத் தோற்றுவித்த டாக்டர் சாரதா மேனன் விட்டுச்சென்ற அந்நிறுவனமே. அவ்வூழியர்கள் மருத்துவர்களல்லர், உள்ளூர் மொழி பேசிய உள்ளூர் மக்கள்.

ஆதலின் நம் சங்கத்தின்முன் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியதே. கல்கத்தாவின் மனநல விடுதிகளுக்கு அழைப்பின்பேரில் சென்று, நோயாளிக்கும் மருத்துவர்க்கும் இடையே மொழிபெயர்க்க இசையும் தமிழன்பர்களின் பட்டியலொன்று வேண்டும். ஆண்களும் பெண்களும் வேண்டும். வங்காளமும் தமிழும் சரளமாகத் தெரிந்திருக்க வேண்டும். திருநெல்வேலிப் பேச்சும் தஞ்சைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் புரிபவர் இருந்தால் இன்னும் நன்று. ஓய்வுபெற்ற செவிலியரும் ஆசிரியரும் நம்மிடையே பலர் இருக்கின்றனர். கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல் இன்றியமையாத நிபந்தனை. அது இயலாதென்று நினைப்பவர் பெயர் தரவேண்டா. தொடங்குமுன், உளவியலாளர் ஒருவரைக் கொண்டு இரண்டு மூன்று மாலைகள் பயிற்சியளிக்கச் செய்தல் நலம்.

அதுகாறும், இரவோ பகலோ உதவி வேண்டுவோர் 14416 என்னும் எண்ணில் அரசின் டெலி-மானஸ் சேவையை அழைக்கலாம். 2022இல் தொடங்கிய அச்சேவைக்குக் கட்டணமில்லை. அது பேசும் 20 மொழிகளில் தமிழும் ஒன்று. பட்டியலில் சேர விரும்புவோர் தம் பெயர், தெரிந்த மொழிகள், வாரத்தில் எந்தெந்த மாலை வர இயலும் என்பவற்றை எழுதிச் சங்கக் காரியாலயத்தில் செயலாளரிடம் சேர்ப்பிக்கக் கோருகிறோம்.